அப்புறம் என்பதை வரைவது எப்படி

மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். அதில் ஒரு கை மூடியைத் திருகும். பக்கத்தில் ஓர் அம்புக்குறி வளைந்து நிற்கும். அந்தக் கையையும் அம்பையும் வரைகிறவன் நான்தான். என் படைப்புகள் நுழையாத வீடு இல்லை. நுழைந்த வேகத்தில் அவை குப்பைக்கூடைக்கும் போய்விடும். என் படத்தைப் பார்த்து மின்விசிறி இறக்கையைத் தலைகீழாக மாட்டிய ஒருவர் கம்பெனிக்கே போன் போட்டுத் திட்டினார். என் கலைவாழ்வில் இதுவரை வந்த ஒரே விமர்சனம் அதுதான்.

அப்பேர்ப்பட்டவனைப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க உட்கார்த்தி வைத்தவள் என் அக்கா. லாண்டரிக் கடைக்கு மேலே இருக்கும் தன் வீட்டில், ஒரு நீள அறையில் அவள் டியூஷன் நடத்துகிறாள்.

"ஞாயித்துக்கிழமை ரூம் சும்மா கிடக்கு. நீயும் வீட்டுல சும்மா கிடக்குற. ரெண்டையும் சேர்த்து வெச்சா என்ன?" என்றாள்.

"பூ, மலை, சூரியன்னு சொல்லிக்கொடுக்கணுமா?"

"அதெல்லாம் அதுங்களுக்கே தெரியும். கதை சொல்ற மாதிரி படம் போடச் சொல்லிக்கொடு. வாயைத் திறக்காம விஷயத்தைச் சொல்ல உனக்குத்தான் தெரியுமே."

"நன்றிக்கா."

"பாராட்டு இல்லடா. கல்யாணப் பேச்சு எடுத்தப்பல்லாம் அப்படித்தானே உட்கார்ந்திருந்த."

இப்படித்தான் நான் ஆசிரியன் ஆனேன். எந்தப் படத்தைத் திருத்தினாலும் கை தானாக ஓர் அம்பைப் போட்டுவிடுவதால், முதல் வாரமே பிள்ளைகள் எனக்கு 'அம்புக்குறி சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என் வகுப்பில் சட்டம் ஒன்றுதான். படத்தை முடித்துச் சுவரில் சாய்த்ததும், வரைந்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கதையைச் சொல்லலாம். உள்ளங்கை அளவுத் தாளில் பென்சிலால் குட்டிப்படம் போட்டுப் பார்க்கலாம். ஆளை நடுவில் வைப்பதா ஓரத்திலா, பார்க்கிறவர் கண் முதலில் எங்கே போய் விழ வேண்டும் என்றெல்லாம் சண்டை போடலாம். குட்டிப்படம் தேறினால்தான் பெரிய தாள், அதன் பிறகுதான் வண்ணம். கடைசியில் படத்தைக் கீழே எடுத்துப்போய் லாண்டரிக்காரர் முன்னால் நிறுத்துவோம். அவர் தனக்குத் தெரிகிற கதையைச் சொல்வார். தப்பாகச் சொன்னால் வாதாடக் கூடாது. திரும்ப மாடியேறிக் குட்டிப்படத்திலிருந்து தொடங்க வேண்டும்.

காணாமல்போன பூனை வீடு திரும்பிய கதையை ஒரு பையன் வாரக்கணக்கில் உழைத்து வரைந்தான். லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சோபா விளம்பரம்தானே? நல்லா வந்திருக்கு தம்பி. படுக்கையாவும் மாத்திக்கலாமா?"

பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு மாடியேறினான். அடுத்த முறை பூனை சோபாவைவிடப் பெரிதாக வந்தது.

இந்தச் சட்டத்தால் அதிகம் கஷ்டப்பட்டவள், வானொலி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த பெண். பத்து வயது. மூச்சு விடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஒலிபரப்புதான். அவள் அம்மா பஸ் கண்டக்டர். அந்தக் குரல் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. அப்பா கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை கரைக்கு வருவார். வானொலியின் படங்களுக்கு அவள் வாய்தான் பாதி உயிர். வாயை மூடினால் படமும் செத்துவிடும்.

அந்த வானொலி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, ஸ்டேஷன்ல கரண்ட் இல்லையா?"

"தம்பிக்கு ஆபரேஷன் சார்."

நான் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பிக்கு நான்கு வயது. அடிவயிற்றில் குடல் இறங்கியிருக்கிறது. சின்ன ஆபரேஷன்தான், காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவனுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. பள்ளிக்கூடமும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. வீட்டில் அவர்களாக வைத்துக்கொண்ட சில கைஜாடைகள் மட்டும் உண்டு. முன்பு ரத்தம் எடுக்கப் போனபோது என்ன ஏது என்று தெரியாமல் பயந்து திமிறியிருக்கிறான். ஆள் ஆளுக்குப் பிடித்து அமுக்கி ஊசி போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டால் கடிக்கிறான். முடிவெட்டுகிறவரைக்கூட விடவில்லை.

"அவன்கிட்ட சொல்லணும் சார். அங்க தூங்குவ, அப்புறம் எழுந்துப்ப, அப்புறம் வீட்டுக்கு வந்துடுவோம்னு. தூங்குறதுக்கு எங்ககிட்ட கை இருக்கு." கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். "எழுந்துக்கறதுக்கு இருக்கு. வீட்டுக்கு இருக்கு. அப்புறம்ங்கிறதுக்குத்தான் கை இல்ல."

"போன்ல வீடியோ காட்டிப் பார்த்தீங்களா?"

"அம்மா காட்டுனாங்க. கார்ட்டூன் வைன்னு தள்ளித் தள்ளி விடுறான். வீடியோல ஊசி வந்ததும் போனைத் தூக்கிச் சுவத்துல அடிச்சுட்டான். படம்னா உட்கார்ந்து பார்ப்பான் சார். நான் போட்டதெல்லாம் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவான்."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அப்புறம் என்பதுதானே என் தொழில்? முதலில் மூடியைத் திருகு, அப்புறம் பட்டனை அமுக்கு. இத்தனை வருஷம் நான் சோறு தின்றதே அந்த ஒரு வார்த்தையால்தான்.

"இவ்வளவுதானே? முடிச்சுடலாம்" என்றேன். பிற்பாடு அக்கா இதைப் பலமுறை சொல்லிக்காட்டினாள்.

வரிசையாகக் கட்டங்கள். ஒன்றில் பையன் வீட்டில், அடுத்ததில் ஆஸ்பத்திரி வாசலில், பிறகு படுக்கையில், தூக்கத்தில், விழிப்பில், மறுபடி வீட்டில். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே என் தங்கக் கையால் ஒவ்வோர் அம்பு. வானொலி வண்ணம் தீட்டினாள். லாண்டரிக்காரர் ஒரே பார்வையில் கதையைச் சொல்லிவிட்டார். "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்று கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். வெற்றி!

அடுத்த வாரம் வகுப்பு தொடங்கும் முன்பே படிக்கட்டு அதிர்ந்தது. கண்டக்டரம்மா யூனிபார்மோடு, சுருட்டிய படத்தைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"சார், எதுக்கு சார் இவ்வளவு ஊசி வரைஞ்சு கொடுத்தீங்க?"

"ஊசியா? நான் எங்கம்மா..."

படத்தை விரித்து என் அம்பின் மேல் விரலை வைத்தார். நீளமான கம்பி, நுனியில் கூர்மை. ஒவ்வொன்றும் அடுத்த கட்டத்துப் பையனின் வயிற்றைப் பார்த்துக் குறி வைத்திருந்தது.

"கட்டத்துக்குக் கட்டம் ஊசின்னு நினைச்சுட்டான். ராத்திரி முழுக்க கட்டிலுக்கு அடியில படுத்திருந்தான்."

வானொலி பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "அதுமட்டும் இல்ல சார். ஒவ்வொரு பையனா தொட்டுத் தொட்டு, இது யாரு, இது யாருன்னு கேக்குறான். எல்லாம் நீதான்டான்னு காட்டினா சிரிக்கிறான். அவன் ஒருத்தன்தானாம்."

அவன் ஒருத்தன்தான். கட்டம் மாறினால் காலம் மாறும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நமக்கு மட்டும் யாரோ எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

"வேணாம் விடுடா," என்றாள் அக்கா. "டாக்டருங்க பார்த்துப்பாங்க. மறுபடியும் நாலு பேர் பிடிச்சா முடிஞ்சுபோச்சு."

"நாலு பேர் பிடிக்கக் கூடாதுன்னுதான்க்கா வரையறோம்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, டீ போடறேன்" என்று போய்விட்டாள். அவள் அகராதியில் அது சம்மதம்.

"படம் தப்பு. குட்டிப்படத்துக்குத் திரும்பிப் போறோம்" என்றேன். வானொலி ஏற்கெனவே பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். "நமக்குத் தெரிஞ்சதை வரைஞ்சோம், அதான் தப்பு. அவனுக்கு என்ன தெரியும்? அதைச் சொல்லு."

"சோறு தெரியும். தண்ணி தெரியும். நாய். பஸ்..."

"பஸ்ஸுக்கு என்ன?"

"லீவு நாள்ல அம்மா பஸ்லதான் சார் இருப்பான். சீட்டுல முட்டி போட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வருவான். எல்லா ஸ்டாப்பும் தெரியும். மார்க்கெட் வர்றதுக்கு முன்னாடியே தலையில கூடை வெச்ச மாதிரி காட்டுவான். பள்ளிக்கூட ஸ்டாப்புக்கு முன்னாடி தோள்ல பை மாட்டுவான்."

"வர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. அடுத்து என்ன வரும்னு அவனுக்கு..." வானொலி நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாள். "சார்! அவனுக்கு அப்புறம் தெரியுது!"

"அப்போ கட்டம் வேணாம். ஒரு ரோடு போட்டு, வழியில ஸ்டாப் ஸ்டாப்பா வெச்சுடலாம்" என்றேன்.

கண்டக்டரம்மா பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எந்த ரோடு போடப் போறீங்க? எங்க ரூட்டையே போடுங்க. அதுதான் அவனுக்கு மனப்பாடம்."

கட்டங்கள் ஒழிந்தன. அம்புகளும் ஒழிந்தன, என் பிழைப்பே ஒழிந்த மாதிரி இருந்தது. சார்ட் பேப்பர்களை ஒட்டி நீளமாக ஒரே தாளாக்கினோம். வீட்டு வாசலிலிருந்து ஒரு சாலை கிளம்பும். வளைந்து வளைந்து ஆஸ்பத்திரிக்குள்ளேயே நுழையும். படுக்கைகளுக்கு நடுவே ஓடி, வெளியே வந்து, அதே வீட்டு வாசலில் முடியும். சிவப்புக் கட்டம் போட்ட சட்டையோடு தம்பி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்பான். அந்தச் சட்டையைத் துவைக்கக் கழற்றுவதற்கே வீட்டில் போர் நடக்குமாம்.

"கண்ணால பார்க்காததை வரையக் கூடாது" என்று நான் கொள்கை பேசியதால், வானொலியும் அம்மாவும் ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். வானொலி வாசல், லிப்ட், ஹாலில் இருந்த மீன் தொட்டி, நீல உடுப்பு போட்ட நர்ஸ் எல்லாவற்றையும் குட்டிக் குட்டியாக வரைந்துகொண்டாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை போய்விட்டாள். அங்கே வாட்ச்மேன் விரட்டிவிட்டார். "மீனை மட்டும் வரைஞ்சுட்டுப் போ பாப்பா."

அந்தக் கதவில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

குட்டிப்படத்தில், தூங்கும் தம்பியின் தலைமாட்டில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அம்மாவை உள்ள விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"விட மாட்டாங்க. கதவு வரைக்கும்தானாம்."

"அப்போ இது?"

"படத்துல நிக்கலாமே சார். அப்படி நின்னாத்தான் அவன் பயப்படாம போவான்."

"கதவு வரைக்கும் பயப்படாம போவான். கதவு மூடினதும் அம்மாவைத் தேடுவான். அப்போ?"

"அதுக்குள்ள மருந்து கொடுத்துத் தூங்க வெச்சுடுவாங்க."

"அப்புறம் எழுந்துப்பானே? எழுந்து, அக்கா படம் பொய்யின்னு தெரிஞ்சுக்குவான். அதுக்கப்புறம் நீ எது போட்டுக் காட்டினாலும் நம்ப மாட்டான்."

பென்சில் பறந்து சுவரில் பட்டு விழுந்தது. "உங்களுக்கு என்ன சார் தெரியும்? உங்களுக்குத் தம்பி இருக்கானா?"

"நானே தம்பிதான்" என்றேன். "எங்கக்கா என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய்யெல்லாம் ஞாபகம் இருக்கு. சொன்ன அன்னிக்கு அழல. கண்டுபிடிச்ச அன்னிக்குத்தான் அழுதேன்."

சமையலறைப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. "எந்தப் பொய்டா?"

"உனக்கு நேரம் இருக்கா? லிஸ்ட் பெருசு."

வானொலி சிரிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கோ, பேசாமல் அந்த அம்மாவை உள்ளேயே நிற்க வைத்துவிடலாமா என்று இருந்தது. இளகின மனசு ஆசிரியருக்கு ஆகாது. உள்ளே போய் என் பையைக் குடைந்து, மிக்சிக் கம்பெனித் தாள் ஒன்றை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். மிக்சியைச் செங்குத்தாகப் பிளந்து, மேலே ஜாரும் கீழே மோட்டாரும் ஒரே நேரத்தில் தெரிகிற மாதிரி நான் போட்ட படம்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தாள். "நிஜமாவே வெட்டினீங்களா?"

"இல்லம்மா. வெட்டின மாதிரி நினைச்சுக்கிட்டேன்."

"மூடியிருந்தாலும் உள்ள இருக்கறது தெரியுது."

"ம்."

"அப்போ சுவத்தையும் வெட்டலாம்."

வெட்டினாள். தடித்த பழுப்பு நிறத்தில் ஒரு சுவர்; இந்தப் பக்கம் தம்பி தூங்குகிறான்; அந்தப் பக்கம் அம்மா நின்று, கதவின் மேல் வலது உள்ளங்கையைப் பதித்திருக்கிறார். இருவருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. இந்த ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் அவள் போட்ட குட்டிப்படங்கள் தரையெல்லாம் கிடந்தன. அம்மா உட்கார்ந்திருந்தால் போய்விட்ட மாதிரி இருக்கிறதாம். முதுகைக் காட்டினால் கோபித்துக்கொண்ட மாதிரி இருக்கிறதாம். கை கதவில் இருந்தால்தான் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். என்னிடம் அவள் அபிப்பிராயம் கேட்கவே இல்லை. நான் வண்ணக் கிண்ணங்களைக் கழுவிக்கொடுத்தேன்.

இந்த முறை லாண்டரிக்காரரிடம் போகவில்லை. பார்க்க வேண்டியவனையே மாடிக்கு அழைத்து வந்தார்கள். சிவப்புக் கட்டச் சட்டை, சந்தேகக் கண். என் சட்டை வெள்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே உள்ளே வந்தான். வானொலி படத்தைத் தரையில் விரித்தாள். பேச வாயெடுத்தவள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்காத தம்பியிடம் எதற்காகப் பொத்த வேண்டும் என்று கேட்காதீர்கள். சட்டம் சட்டம்தான்.

அவன் முட்டி போட்டு விரலைச் சாலையில் வைத்தான். விரல் பஸ்ஸாயிற்று. வீடு. மார்க்கெட், தலையில் கூடை. ஆஸ்பத்திரி வாசலில் விரல் நின்றது. பிறகு மீன் தொட்டியைப் பார்த்ததும் கொஞ்சம் அவசரமாகவே உள்ளே போனது. நீல நர்ஸ். படுக்கை. தூங்கும் பையனின் சட்டையைத் தொட்டான், தன் சட்டையைத் தொட்டான். அம்மாவைத் தேடினான். விரல் சுவரில் முட்டியது, ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது. கதவின் மேல் இருந்த கையில் போய் நின்றது.



விரல் மறுபடி சுவரேறிப் பையனிடம் வந்தது. அங்கிருந்து சாலையைப் பிடித்து, வாசலைத் தாண்டி, வீட்டில் வந்து நின்றது. அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு விரலை முதல் நிறுத்தத்தில் வைத்து இன்னொரு டிரிப் அடித்தான். அன்றைக்கு எத்தனை டிரிப் போனான் என்று யாரும் எண்ணவில்லை. அக்கா என் தோளில் ஒரு குத்து விட்டாள். எங்கள் குடும்பத்தில் அது மாலை மரியாதைக்குச் சமம்.

ஆபரேஷன் அன்று நானும் போனேன். படத்தை வானொலி சுருட்டி எடுத்து வந்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் விரித்துக் காட்டினாள். காலைப் பட்டினியில் பையன் முகம் வாடியிருந்தாலும் வாசல் தாண்டினான், மீனுக்குக் கையாட்டினான், ஆஸ்பத்திரிச் சட்டையைப் போடும்போது மட்டும் முறைத்தான். சிவப்புச் சட்டையை அம்மா அவன் கண்ணெதிரே தோளில் போட்டுக்கொண்டதும் விட்டுவிட்டான். மற்றதெல்லாம் படப்படி நடந்தது.

தியேட்டர் கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்தார். பச்சை உடுப்பு.

பையன் படத்தைப் பார்த்தான். நர்ஸைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கதவுக்கு வெளியே இருந்த நர்ஸ்களை மட்டும்தானே நாங்கள் பார்த்திருந்தோம்? உள்ளே வேறு நிறம் என்று மீனை வரையச் சொன்ன வாட்ச்மேன் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காததை வரையக் கூடாது என்ற மகா கொள்கை என்னுடையது.

"டைம் ஆச்சும்மா. நான் வேணா தூக்கிட்டுப் போறேன். இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடவா?" என்றார் நர்ஸ்.

"கூப்பிடாதீங்க!" வானொலியின் குரல் தாழ்வாரம் முழுக்க ஒலித்தது. "கொஞ்சம் நில்லுங்க. அசையாம நில்லுங்க."

அவள் பையிலிருந்து போஸ்டர் கலர் வந்தது, தூரிகை வந்தது. பச்சை மட்டும் தீர்ந்துபோயிருந்தது. நீலத்தையும் மஞ்சளையும் பாட்டில் மூடியில் குழைத்தாள். நர்ஸின் உடுப்பை ஒருமுறை பார்த்தாள், இன்னொரு சொட்டு நீலம் விட்டாள். தம்பியின் கண்ணெதிரே நீல நர்ஸைப் பச்சையாக்கினாள். மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "என் மூக்கு அவ்வளவு பெருசா பாப்பா?"

பையன் ஈர வண்ணத்தைத் தொட்டான். விரலில் பச்சை. எழுந்து வந்து அந்த விரலை நர்ஸின் சட்டையில் வைத்து ஒத்துப் பார்த்தான். விரல் தடம் அப்படியே பதிந்தது.

"போச்சு. இனி வேற டிரெஸ் மாத்தணும்" என்றார் அவர். ஆனால் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

அவன் அந்தக் கையைப் பிடித்தான். கதவு வரை போனவன் திடீரென்று கையை உருவிக்கொண்டு ஓடி வந்தான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவன் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துக் கதவருகே கொண்டுபோய் நிறுத்தினான். வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கதவில் ஒட்டினான். இரண்டடி பின்னால் போய்ச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். பிறகுதான் உள்ளே போனான்.

கதவு மூடியது. அம்மா கையை எடுக்கவில்லை.

படத்தில் நான் இல்லை. அதனால் எங்கே நிற்பது என்று தெரியாமல் மீன் தொட்டிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். டீ வாங்கி வந்தேன். அம்மா இடது கையால் வாங்கிக் குடித்தார். வாட்ச்மேன் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"உட்காருங்கம்மா. உள்ள இருந்து புள்ளைக்கா தெரியப் போகுது?"

"நான் நாள் பூரா நின்னுக்கிட்டே போறவ" என்றார் கண்டக்டரம்மா. "இது ஓடாத பஸ். நிக்கிறதுக்கு என்ன?"

வானொலி பக்கத்தில் நின்று காவல் காத்தாள். "அம்மா, விரல் மடங்குது. விரி." அம்மா விரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தோள் நடுங்க ஆரம்பித்தது. வானொலி அம்மாவின் முழங்கைக்குக் கீழே தன் தலையைக் கொடுத்து முட்டுக்கொடுத்துக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள்.

கதவு உள்பக்கமாகத் திறந்தபோது அம்மா சாய்ந்து விழப் போனார். புது உடுப்பு மாற்றியிருந்த அதே நர்ஸ் தாங்கிப் பிடித்தார். "நல்லா முடிஞ்சுது. முழிச்சுக்கிட்டான். வார்டுக்குப் போலாம்."

சக்கரக் கட்டிலில் பையன் வந்தான். இமை பாதிதான் திறந்திருந்தது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை. கண் சுற்றிச் சுற்றி எதையோ தேடியது. அம்மா புரிந்துகொண்டு, மரத்துப்போயிருந்த வலது கையை அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கி விரித்துக் காட்டினார். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அம்மா அந்தக் கையாலேயே கட்டிலின் இரும்பில் இரண்டு தட்டு தட்டினார், பஸ்ஸைக் கிளப்பத் தட்டுகிற மாதிரி. அதிர்வு அவன் முதுகுக்குப் போயிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டான். கட்டில் நகர்ந்தது.